வான்வழி கண்ட மகளிர்

பறவையைப் போல வானில் பறத்தல் வேண்டும் என்னும் வேட்கை மாந்தர் உள்ளத்தில் நெடுங்காலமாகக் குடிகொண்டிருந்தது. அவ்வேட்கை நிறைவேறிய நாள் 1903ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள். அன்று அமெரிக்காவில் கிட்டி ஹாக் என்னும் கடற்கரைச் சிற்றூருக்கு அருகே, ரைட் உடன்பிறந்தார் இருவரும் தாமே அமைத்த விமானத்தை வானில் செலுத்திக் காட்டினர். அவர்களுடைய முதற்பறப்பு பன்னிரண்டு நொடிகளே நீடித்தது. கடந்த தொலைவு 120 அடியே. ஒரு சிறுவன் எளிதில் ஓடிக் கடக்கக்கூடிய தொலைவுதான் அது. ஆயினும், உலகப் போக்குவரத்தின் வரலாறு அன்று தொட்டுப் புதுவழியில் திரும்பிற்று.

இச்செய்தியை அறியாதார் இலர். ஆனால், அதன்பின் ஏழாண்டுகள் நிறையுமுன்னரே பெண்மணி ஒருவர் விமானம் ஓட்டும் உரிமைச் சான்று பெற்றார் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் பிரான்சு நாட்டினர். அந்நாட்டில் பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்கப்பட்டது 1944ஆம் ஆண்டில்தான். வாக்குரிமை பெறுவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் முன்னரே பிரெஞ்சுப் பெண்மணி வானத்துக்குள் நுழைந்துவிட்டார் என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

வானம் எவரையும், 'நீ ஆணா, பெண்ணா? எந்நிறத்தினை? எக்குடியினை?' என்று வினவுவதில்லை. காற்றின் விசையும் மண்ணின் ஈர்ப்பும் எல்லோர்க்கும் பொதுவானவை. அங்ஙனமாயின், பெண்டிர் பறப்பதற்குத் தடை எங்கே இருந்தது? அது மண்ணிலே இருந்தது. பறத்தற் கலை பயிற்றும் பள்ளிகளின் வாயிலிலே இருந்தது. அத்தடையை மேனாட்டு மகளிர் நால்வர் எவ்வாறு கடந்தனர் என்பதை இங்குக் காண்போம்.

தொடக்கக் கால விமானங்கள்

அவர்களுடைய அருமையை உணர வேண்டுமாயின், அந்நாளைய விமானம் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இன்றைய விமானம் உலோகத்தால் ஆகியது. அன்றைய விமானமோ மரச்சட்டங்களாலும் துணியாலும் ஆகியது. மெல்லிய சட்டங்களைப் பிணைத்துச் சிறகின் வடிவம் அமைப்பர். அதன்மேல் துணியை இழுத்துப் போர்த்துவர். துணி தளராமல் விறைப்பாக நிற்பதற்கு ஒருவகைப் பசைநீரைப் பூசுவர். பின்னர்ச் சிறகுகளை எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டுவர்.

இத்தகைய சிறகு எங்ஙனம் விமானத்தைத் தூக்குகிறது? விமானம் விரைந்து முன்னேறும்போது, சற்றே சாய்வாகவும் வளைவாகவும் அமைந்த சிறகு தன்மீது மோதும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விளைவாகக் காற்று சிறகை மேல்நோக்கித் தூக்குகிறது. விரைவு மிகுந்தால் இத்தூக்குவிசை மிகும். விரைவு குறைந்தால் இதுவும் குறையும். ஆகவே, நடுவானில் பொறி நின்றுவிட்டால், விமானி விமானத்தின் மூக்கைச் சிறிது தாழ்த்தி, விரைவு குறையாதவாறு காத்துச் சறுக்கிக்கொண்டே இறங்குதல் வேண்டும். அச்சத்தால் மூக்கை உயர்த்துவாராயின் விரைவு குன்றும். விமானம் கல்லைப்போல் வீழும். அந்நாளில் பொறிகள் நடுவானில் நின்றுபோவது அடிக்கடி நிகழ்ந்தது. எனவே, இவ்வுண்மையை மனப்பாடமாக அறிந்திருந்தாற் போதாது. கையும் காலும் அறிந்திருக்க வேண்டும்.

விமானி அமரும் இடத்துக்குக் கூரை இல்லை. குளிர்காற்று முகத்தில் அறையும். சிலவகைப் பொறிகளுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுவர். அவ்வெண்ணெய் சிதறி விமானியின் ஆடையிலும் கண்ணாடியிலும் படியும். உயரத்தையும் விரைவையும் காட்டும் கருவிகள் பெரும்பாலும் இல்லை. தரையிலிருப்போருடன் பேசுவதற்கு வானொலி இல்லை. விமானியை இருக்கையோடு பிணைக்கும் இடைவாரும் பல விமானங்களில் இல்லை.

இத்தகைய ஊர்தியைச் செலுத்துவதற்குக் கூர்த்த பார்வையும் கலங்காத நெஞ்சமும் நுண்ணிய கைத்திறனும் இன்றியமையாதன. இவை ஆடவர்க்கே உரியன என்று அந்நாளில் பலர் கருதினர். இடர் நேர்ந்தால் பெண்டிர் அறிவு கலங்குவர் என்று பறத்தலில் தேர்ந்த ஆடவர் சிலரும் கூறினர். இக்கூற்றுக்கு மகளிர் சொல்லால் மறுப்புரைக்கவில்லை. செயலால் விடை தந்தனர்.

முதற் சான்று பெற்றவர்

ரேமோண்ட் டி லரோஷ் என்பார் 1882ஆம் ஆண்டு பாரிசு நகரில் பிறந்தவர். இவருடைய தந்தையார் நீர்க்குழாய் அமைக்கும் தொழிலாளி. லரோஷ் அம்மையார் நாடக மேடையில் நடித்துப் பெயர் பெற்றார். விமானங்கள் அமைத்துவந்த ஷார்ல் வாசான் என்பவரிடம் 1909ஆம் ஆண்டில் பறக்கக் கற்றுக்கொண்டார். அவருடைய விமானத்தில் ஒருவர் அமர்வதற்கே இடமிருந்தது. ஆதலால், ஆசிரியர் தரையில் நின்றவாறே சொல்லிக்கொடுக்க, மாணவியார் தனியே இருந்து கற்க வேண்டியதாயிற்று. முதலில் விமானத்தைத் தரையில் உருட்டிப் பழகினார். பின்பு அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், ஷாலோன் என்னும் இடத்தில், அதனை மேலே எழுப்பி ஏறத்தாழ 300 கெசத் தொலைவு பறந்து இறங்கினார். தவறு நேர்ந்தால் திருத்துவதற்கு அருகில் மற்றொரு கை இல்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் பிரான்சு நாட்டு விமானக் கழகம் அவருக்கு 36ஆம் எண்ணுள்ள உரிமைச் சான்றை வழங்கிற்று. உலகில் இச்சான்று பெற்ற முதற் பெண்மணி இவரே. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ரேம்சு நகரில் நடைபெற்ற பறத்தற் போட்டியில் இவருடைய விமானம் தரையில் வீழ்ந்து நொறுங்கிற்று. எலும்புகள் பல முறிந்தன. இனி இவர் பிழைப்பதே அரிது என்று கண்டோர் கருதினர். ஆனால், அவர் நோய்ப்படுக்கையினின்று எழுந்து மீண்டும் விமானத்தில் ஏறினார்.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. பெண் என்பதால் போர்க்காலத்தில் பறத்தற்கு அவர்க்கு இசைவு கிடைக்கவில்லை. அதற்காக அவர் வாளா இருக்கவில்லை. படையினர்க்கு மோட்டார் வண்டி ஓட்டும் பணியை மேற்கொண்டார். போர் முடிந்தபின் 1919ஆம் ஆண்டில், ஏறத்தாழ 15,700 அடி உயரம் பறந்து, மகளிருள் மிக உயரப் பறந்தவர் என்னும் பெருமையை எய்தினார். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள், பிரான்சின் வடகரையிலுள்ள லெ குரோதுவா என்னும் ஊரில், புதுவகை விமானம் ஒன்று தரையிறங்கும்போது வீழ்ந்தது. அதில் சென்ற லரோஷ் அம்மையார் உயிர்நீத்தார். லெ குரோதுவா என்னும் இவ்வூரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்க. இது பின்னரும் நம் வரலாற்றில் வரும்.

கால்வாயைக் கடந்தவர்

அமெரிக்காவில் முதன்முதல் உரிமைச் சான்று பெற்ற பெண்மணி ஹாரியட் குயிம்பி என்பவர். இவர் நியூயார்க்கு நகரில் வார இதழ் ஒன்றில் எழுதிவந்த எழுத்தாளர். 1910ஆம் ஆண்டில் அந்நகருக்கு அருகே நடைபெற்ற விமானப் போட்டியைக் கண்டபோது, தாமும் பறக்க வேண்டும் என்னும் ஆவல் அவர்க்கு எழுந்தது. அடுத்த ஆண்டே பயிற்சி பெற்று, ஆகஸ்டுத் திங்களில் சான்றும் பெற்றுவிட்டார்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கடற்கால்வாயை 1909ஆம் ஆண்டில் லூயி பிளேரியோ என்பவர் முதன்முதலாக விமானத்தில் பறந்து கடந்தார். பெண் எவரும் அதுவரை அதனைத் தாமே விமானம் செலுத்திக் கடக்கவில்லை. குயிம்பி அம்மையார் அதனைச் செய்து முடிக்க உறுதி கொண்டார். கடலின்மேல் மூடுபனி படர்ந்திருக்கும். கீழே கரை தெரியாது. மேலே கதிரவனும் தெரியான். திசைகாட்டி ஒன்றே துணை. அக்கருவியையோ அவர் அதற்குமுன் பயன்படுத்தியதே இல்லை. ஐந்து மைல் வழிதவறினாலும் வடகடலுக்குள் சென்று அழிய நேரும் என்று நண்பர்கள் எச்சரித்தனர். அவருக்கு உதவிசெய்த ஆங்கில விமானி ஒருவர், 'உம்முடைய உடையை நான் அணிந்துகொண்டு, உமக்காகப் பறந்து சென்று, மறுகரையில் எவரும் அறியாமல் இடம் மாற்றிக்கொள்கிறேன்' என்று கூறினார். நன்மை கருதியே அவர் அவ்வாறு கூறினார். ஆயினும், பிறர் உழைப்பால் வரும் புகழை அம்மையார் விரும்பவில்லை. அவ்வுரையை மறுத்துவிட்டு, திசைகாட்டியைக் கையாளும் முறையை அவரிடமே கற்றுக்கொண்டார்.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 16ஆம் நாள் விடியற்காலையில் டோவர் என்னும் இடத்தினின்று அவர் புறப்பட்டார். பனிப்படலத்துள் புகுந்த பின்பு அவர்க்கு யாதும் புலப்படவில்லை. திசைகாட்டியின் முள்ளையே நோக்கிச் சென்று, 59 நிமிடத்தில் பிரான்சின் கடற்கரை மணலில் இறங்கினார். அங்கு மீன்பிடிப்போர் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டனர்.

இத்தகைய அருஞ்செயலை உலகம் போற்றியிருத்தல் வேண்டும். ஆனால், அதற்கு முந்திய நாளில்தான் டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் கடலில் மூழ்கியது. ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேற்பட்டோர் மாண்ட அத்துயரச் செய்தியே இதழ்களை நிறைத்தது. குயிம்பியின் செயல் எங்கோ ஒரு மூலையில் இடம்பெற்றது.

அவ்வாண்டு ஜூலை முதல் நாள் பாஸ்டன் நகருக்கருகே அவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு பறந்தார். திடீரென விமானத்தின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்தது. இடைவார் இல்லாமையால் இருவரும் ஒருவர்பின் ஒருவராக வெளியே எறியப்பட்டு, ஆழமற்ற கடல்நீரில் வீழ்ந்து மாண்டனர். ஆளில்லாத அவ்விமானமோ தானே சறுக்கி வந்து கரையோரச் சேற்றில் அமைந்தது. இருக்கையோடு அவர்களைப் பிணைக்க ஒரு வார் இருந்திருக்குமாயின் அவர்கள் பிழைத்திருத்தல் கூடும். இன்று விமானத்தில் ஏறியவுடன் இடைவாரைப் பூட்டிக்கொள்ளுமாறு பயணிகளைக் கேட்டுக்கொள்கின்றனர். அச்சிறு வாரின் பின்னே இத்தகைய உயிரிழப்புகள் பல உள்ளன.

பருத்திக் காட்டிலிருந்து வான் வரை

இதுவரை கூறிய இருவரும் பெண்ணென்னும் ஒரு தடையையே கடந்தனர். மூன்றாமவர்க்கோ தடைகள் மூன்று இருந்தன. அவர் பெண், வறியவர், கறுப்பினத்தவர். அவர் பெயர் பெஸ்ஸி கோல்மன்.

1892ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் பதின்மூன்று மக்களைப் பெற்ற குடும்பத்தில் பத்தாவது குழந்தையாக அவர் பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்தபின், தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்து மக்களைக் காத்தார். கறுப்பினச் சிறுவர்க்கெனத் தனியே அமைந்த பள்ளிக்கு நான்கு மைல் நடந்து செல்ல வேண்டும். பருத்தி வெடிக்கும் காலத்தில் அப்பள்ளியும் மூடப்படும். சிறுவர் அனைவரும் பருத்தி எடுக்கச் செல்வர். அந்நிலையிலும் பெஸ்ஸி கணக்கில் சிறந்து விளங்கினார். சலவைத் தொழில் செய்து பொருளீட்டிக் கல்லூரியிற் சேர்ந்தார். பணம் தீர்ந்தமையால் ஒரு பருவத்தோடு திரும்ப நேர்ந்தது.

பின்னர் அவர் சிகாகோ நகருக்குச் சென்று, முடிதிருத்தும் நிலையம் ஒன்றில் வருவோரின் நகங்களைச் சீர்செய்யும் வேலையில் அமர்ந்தார். முதல் உலகப் போரில் பிரான்சு சென்று மீண்ட அவருடைய தமையனார் ஒருநாள், 'பிரான்சு நாட்டுப் பெண்டிர் விமானம் ஓட்டுகின்றனர். உங்களால் அது முடியுமா?' என்று ஏளனமாகக் கேட்டார். அவ்வேளனம் தங்கையின் உள்ளத்தில் உறுதியாக மாறிற்று.

பயிற்சிப் பள்ளிகள் பலவற்றை அவர் அணுகினார். பெண் என்றும் கறுப்பினத்தவர் என்றும் கூறி அமெரிக்கப் பள்ளிகள் அவரை ஏற்க மறுத்தன. அப்பொழுது, கறுப்பின மக்களுக்காகச் சிகாகோவில் இதழ் நடத்திவந்த இராபர்ட் அபட் என்பவர், 'பிரான்சுக்குச் சென்று கற்றுக்கொள்க' என்று அறிவுரை கூறினார். பிரான்சுக்குச் செல்வதாயின் பிரெஞ்சு மொழி தெரிதல் வேண்டும். கோல்மன் பகலில் உழைத்துப் பணம் சேர்த்தார். ஓய்வு நேரத்தில் பிரெஞ்சு கற்றார். 1920ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கப்பலேறினார். தம் நாட்டில் கற்க இடமில்லாமையால், வேற்று மொழியொன்றைக் கற்று, மாகடலைக் கடந்து கல்வி தேடிச் சென்ற அவ்வேட்கையை என்னென்று புகழ்வது!

அவர் சேர்ந்த பள்ளி எங்கிருந்தது தெரியுமா? லரோஷ் அம்மையார் உயிர்நீத்த லெ குரோதுவா என்னும் அதே ஊரில் இருந்தது. முதற்பெண்மணி வீழ்ந்த மண்ணிலிருந்தே மற்றொருவர் எழுந்தார். பள்ளிக்கு அவர் நாள்தோறும் ஒன்பது மைல் நடந்தார். உடன்பயின்ற மாணவர் ஒருவர் விபத்தில் மாண்டதைக் கண்ணாரக் கண்டும் பின்வாங்கவில்லை. 1921ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் உலக அளவில் செல்லத்தக்க உரிமைச் சான்றைப் பெற்றார். கறுப்பினப் பெண்டிருள் முதன்முதல் அதனைப் பெற்றவர் அவரே.

நாடு திரும்பிய கோல்மன் ஊர்தோறும் வானில் பல விந்தைகள் செய்து காட்டினார். 1923ஆம் ஆண்டில் நேர்ந்த விபத்தில் காலும் விலாவெலும்புகளும் முறிந்தன. நடக்க இயன்றவுடன் மீண்டும் பறப்பேன் என்று மருத்துவமனையிலிருந்தே செய்தி அனுப்பினார். தாம் வளர்ந்த ஊரில் பறந்து காட்டுமாறு அழைப்பு வந்தபோது, வெள்ளையர்க்கு ஒரு வாயிலும் கறுப்பினத்தவர்க்கு வேறொரு வாயிலும் வைத்தல் கூடாது. எல்லோரும் ஒரே வாயிலில் நுழைந்தாலன்றிப் பறவேன் என்று உறுதியாக நின்றார். அழைத்தோர் இணங்கினர். உள்ளே இருக்கைகள் பிரித்தே வைக்கப்பட்டிருந்தன. ஆயினும், அன்று அவ்வூரார் ஒரே வாயிலில் நுழைந்தனர். புகழும் பொருளும் பெரிதல்ல, தம்மவர் மதிப்பே பெரிது என்பதை அவர் செயலால் உணர்த்தினார்.

தமக்குக் கிட்டாத பயிற்சிப் பள்ளியைத் தம்மினத்து இளைஞர்க்காகத் தாமே நிறுவ வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். அது நிறைவேறுமுன் 1926ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 30ஆம் நாள், ஜாக்சன்வில் நகரில், மறுநாள் விழாவுக்குரிய இடத்தை மேலிருந்து பார்ப்பதற்காக விமானத்தில் சென்றார். பணியாள் ஒருவர் ஓட்டினார். எட்டிப் பார்க்கும்பொருட்டு அம்மையார் இடைவாரைப் பூட்டாதிருந்தார். மறந்து விடப்பட்ட ஸ்பானர் ஒன்று பொறியின் பற்சக்கரங்களிடையே சிக்கிக்கொண்டது. விமானம் தலைகீழாகப் புரண்டது. அவர் கீழே வீழ்ந்து இறந்தார். ஓட்டியவரும் உயிரிழந்தார். ஆனால், அவர் கண்ட கனவு இறக்கவில்லை. 1929ஆம் ஆண்டில் வில்லியம் பவல் என்பவர் லாஸ் ஏஞ்சல்சு நகரில் அவர் பெயராலேயே பறத்தற் கழகம் ஒன்றை நிறுவிக் கறுப்பின இளைஞர்க்குப் பயிற்சியளித்தார்.

பதினோராயிரம் மைல் பறந்தவர்

நான்காமவர் ஏமி ஜான்சன். இவர் இங்கிலாந்தில் ஹல் என்னும் துறைமுக நகரில் 1903ஆம் ஆண்டு மீன் வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். பல்கலைக் கழகத்தில் பொருளியல் கற்றுப் பட்டம் பெற்றபின், இலண்டனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் செயலாளராகப் பணிபுரிந்தார். ஓய்வு நேரத்தில் விமானக் கழகத்தில் சேர்ந்து 1929ஆம் ஆண்டில் உரிமைச் சான்று பெற்றார்.

விமானம் ஓட்டக் கற்றதோடு அவர் நின்றுவிடவில்லை. பொறியைப் பிரித்து, பழுது பார்த்து, மீண்டும் பூட்டுவதையும் கற்றார். எண்ணெயும் கரியும் படிந்த கையோடு பணிமனையில் ஆடவரோடு ஒருவராய் உழைத்து, விமானப் பொறியாளர்க்குரிய சான்றையும் பெற்றார். பிரிட்டனில் அச்சான்றைப் பெற்ற முதற் பெண் அவரே. தொலைப்பயணத்தில் அவரைக் காத்தது இக்கல்வியே.

தந்தையார் தந்த பணத்தோடு, எண்ணெய் வணிகர் வேக்பீல்டு பிரபுவின் உதவியும் சேர, பழைய விமானம் ஒன்றை அவர் வாங்கினார். அது ஜிப்சி மாத் என்னும் வகையைச் சேர்ந்தது. அதற்கு ஜேசன் என்று பெயரிட்டார். அதுவரை அவர் இங்கிலாந்துக்கு வெளியே பறந்ததே இல்லை. 1930ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் இலண்டனை அடுத்த குராய்டன் நிலையத்தினின்று ஆஸ்திரேலியாவை நோக்கித் தன்னந்தனியே புறப்பட்டார். 1928ஆம் ஆண்டில் பெர்ட் ஹிங்க்லர் என்பவர் இப்பயணத்தைப் பதினைந்தரை நாளில் முடித்திருந்தார். அதனினும் விரைந்து செல்ல வேண்டும் என்பது ஏமியின் எண்ணம்.

வியன்னா, கான்ஸ்டாண்டினோபிள், அலெப்போ, பாக்தாது ஆகிய நகரங்களின் வழியே அவர் சென்றார். பாலைவனத்தின்மேல் பறக்கும்போது மணற்புயல் எழுந்தது. கண்ணுக்கு யாதும் தெரியவில்லை. மணலிலேயே விமானத்தை இறக்கி, புயல் அதனைப் புரட்டிவிடாதபடி சக்கரங்களுக்கு முன் பெட்டிகளை அடுக்கி, விமானத்தைப் பற்றிக்கொண்டே அமர்ந்திருந்தார். புயல் ஓய்ந்தபின் மீண்டும் எழுந்தார். ஆறு நாளில் கராச்சியை அடைந்தார். ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார் அவர்.

அதன்பின் இடையூறுகள் தொடர்ந்தன. பெட்ரோல் தீர்ந்துபோகவே ஜான்சி நகரில் படையினர் பயிலும் திடலில் இறங்கினார், சிறகு சேதமுற்றது. அந்நகரத் தச்சர் ஒருவர் அதனைச் செப்பனிட்டுத் தந்தார். அலகாபாத், கல்கத்தா வழியாகப் பர்மா நாட்டை அடைந்தபோது பெருமழை பொழிந்தது. இரங்கூனுக்கு அருகே இன்சீன் என்னும் ஊரில், தொழிற்கல்விக் கழகத்தின் கால்பந்துத் திடலில் இறங்கினார். விமானம் ஓடிச் சென்று பள்ளத்தில் வீழ்ந்தது. சிறகும் சுழல்விசிறியும் சக்கர அமைப்பும் உடைந்தன.

பயணம் அதனோடு முடிந்ததென்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால், அத்தொழிற்கல்விக் கழகத்தின் ஆசிரியரும் மாணவரும் ஓடிவந்து உதவினர். உடைந்த சட்டங்களுக்கு ஈடாகப் புதியன செய்தனர். கிழிந்த சிறகுக்குத் துணி வேண்டுமே! போர் முடிந்தபின் விற்கப்பட்ட விமானத் துணியை வாங்கிச் சிலர் சட்டைகள் தைத்து வைத்திருந்தனர். அச்சட்டைகளைப் பிரித்துச் சிறகுக்குப் போர்த்தினர். துணிக்குப் பூசும் பசைநீரை அங்கேயே செய்துகொடுத்தனர். ஏமி தம்முடன் கொண்டுசென்ற மாற்றுச் சுழல்விசிறியைப் பூட்டினார். இவ்வாறு, கற்ற கல்வியும் பலருடைய ஒத்துழைப்பும் ஒன்றுகூடி உடைந்த விமானத்தை மீண்டும் பறக்கச் செய்தன.

ஆயினும், நாட்கள் கழிந்துவிட்டன. ஹிங்க்லரை முந்தும் வாய்ப்பும் கழிந்துவிட்டது. அதனை உணர்ந்தும் அவர் தளரவில்லை. மே 24ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். பதினோராயிரம் மைல் தொலைவைத் தனியே பறந்து முடித்த முதற் பெண்மணி என்று உலகம் அவரைப் பாராட்டிற்று. கருதிய வெற்றி கைகூடாவிடினும், மேற்கொண்ட பணியை முடித்தே தீர்வது என்னும் உறுதி அதனினும் பெரிய வெற்றியைத் தேடித் தந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, புதிய விமானங்களைத் தொழிற்சாலைகளிலிருந்து படைநிலையங்களுக்குக் கொண்டுசெல்லும் விமானப் போக்குவரத்துத் துணைப்பிரிவில் அவர் பணியாற்றினார். 1941ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் கொடிய பனியில் வழிதவறித் தேம்சு ஆற்றின் கழிமுகத்தில் வீழ்ந்து மறைந்தார். அவருடைய உடலும் கிடைக்கவில்லை. 1914ஆம் ஆண்டுப் போரில் லரோஷ் அம்மையார்க்குப் பறக்கும் இசைவே மறுக்கப்பட்டதை முன்னரே கண்டோம். ஏமி பணியாற்றிய பிரிவிலோ, 1943ஆம் ஆண்டு முதல் ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒரே ஊதியம் வழங்கப்பட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த மாறுதல் இது.

நம் நாட்டு மகளிர்

இவ்வார்வம் மேனாட்டோடு நின்றுவிடவில்லை. ஏமி ஜான்சன் நம் நாட்டின்மேல் பறந்து சென்ற ஆறாண்டுகளில், 1936ஆம் ஆண்டில், சரளா தக்ரால் என்னும் இந்தியப் பெண்மணி இலாகூரில் விமானம் ஓட்டும் சான்று பெற்றார். அப்போது அவர்க்கு வயது இருபத்தொன்று. நான்கு வயதுக் குழந்தைக்குத் தாயாகிய அவர், புடவை உடுத்தியவாறே, ஏமி ஓட்டிய அதே ஜிப்சி மாத் வகை விமானத்தைத் தனியே ஓட்டினார். பின்னர் ஆயிரம் மணி நேரம் பறந்தார். போரினால் பயிற்சி தடைப்படவே, ஓவியமும் கைவினையும் கற்று அத்துறையில் சிறந்தார்.

2016ஆம் ஆண்டில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்னும் இளம்பெண்கள் மூவர் இந்திய வான்படையில் போர்விமானங்கள் ஓட்டுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பயணிகள் விமானங்களை ஓட்டுவோருள் மகளிர் பெறும் பங்கில் இந்தியா இன்று உலகின் பல நாடுகளை விஞ்சி நிற்கின்றது.

முடிவுரை

நாம் கண்ட மேனாட்டு மகளிர் நால்வரும் வானத்திலேயே தம் உயிரை இழந்தனர். அதனால் அவர்கள் அறியாமையால் அழிந்தனர் என்று கருதுதல் தவறு. பறத்தற் கலை குழந்தைப் பருவத்தில் இருந்த காலம் அது. இடைவார் இல்லாமையும், கருவியொன்று இடம் தவறிக் கிடந்தமையும், பனிமூட்டமும் அவர்களை மாய்த்தன. அந்நாளில் அவ்வாறு மாண்ட ஆடவரும் பலர். இத்தகையோர் பட்ட துன்பத்தினின்று கற்ற பாடங்களே இன்று விதிகளாகவும் கருவிகளாகவும் அமைந்து பயணிகளைக் காக்கின்றன.

இந்நால்வரையும் இணைக்கும் பண்பு யாது? அஞ்சாமை மட்டும் என்று கூறிவிட முடியாது. ஒருவர் துணையின்றி விமானத்தைச் செலுத்தக் கற்றார். ஒருவர் திசைகாட்டியைக் கற்றார். ஒருவர் வேற்று மொழியைக் கற்றார். ஒருவர் பொறியின் நுணுக்கத்தைக் கற்றார். ஒவ்வொருவரும் தமக்கு எதிரே மூடிக்கிடந்த கதவைக் கல்வி என்னும் திறவுகோலால் திறந்தனர். துணிவு அவர்களை வானில் ஏற்றிற்று. கல்வி அவர்களை வானில் நிறுத்திற்று.

மாணவ மாணவியரே! 'இஃது உன்னால் ஆகாது' என்று எவரேனும் கூறுங்கால், லெ குரோதுவாவுக்கு ஒன்பது மைல் நடந்து சென்ற அப்பருத்திக்காட்டுப் பெண்ணை நினைமின். அவ்வாறே, கற்க விரும்பி நம் வாயிலில் வந்து நிற்பவர்க்கு, அவர் யாவராயினும், கதவை அடைத்தல் ஆகாது என்பதையும் நினைமின்.